ஒரு மூக்கும் நாலு நாக்கும்

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை. மூக்கக்கா என்றால்தான் தெரியும். மூக்கு நீளமும் இல்லை, சப்பையும் இல்லை. எல்லார் முகத்திலும் இருப்பது போன்ற சாதாரண மூக்குத்தான். அது பார்த்த வேலைதான் சாதாரணமில்லை. காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் பூண்டு வதங்குகிறது, எந்த வீட்டில் நேற்றைய மீனுக்கு மறுபடி சூடு காட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை கீழ்வீட்டில் எரிவாயு கசிந்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் உள்ளே கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருக்க, இவள் இரண்டாம் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி ஓடினாள். அன்றைக்குக் கிடைத்த பட்டம் அது.

அவள் வீட்டில் அவளையும் சேர்த்து ஐந்து பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் அலுங்காமல் மேலே ஏற்றிவிட்டு, லிஃப்ட் இல்லாத தன் வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேறி வருகிறவர். மாமனார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தக் கொதிப்பு உண்டு. மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கொழுந்தன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். தினமும் ஏழெட்டு முறை செத்துப் பிழைத்து வருவதாலோ என்னவோ, அவனுக்குப் பசி அதிகம்.

இவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுவது இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அவள் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். 'வேலைக்குப் போறீங்களா?' என்று யாராவது கேட்டால், "இல்லைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பாள். அதைச் சொல்லும்போது பெரும்பாலும் கையில் கரண்டி இருக்கும்.

அந்த வருஷம் மழை பிடித்த வாரத்தில் அவளுக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. எல்லாருக்கும் வருகிற ஜலதோஷம்தான். நாலு நாள் இருந்தது, போனது. போகும்போது அவள் மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்தனின் டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். மேல்மாடியில் துணி தைக்கும் பெண் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"அக்கா! உங்க வீட்டுலயா பால் கருகுது?"

திரும்பிப் பார்த்தால் பால் பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் கறுத்து, புகை கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

எல்லாரும் வேலைக்குப் போனதும் சோதனை ஆரம்பித்தது. பூண்டை நசுக்கி முகர்ந்தாள். இல்லை. சோப்பு, வினிகர், மாமனார் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் எதுவும் இல்லை. கடைசியாக, துணிக்கூடையின் அடியிலிருந்து கணவரின் காலுறை ஒன்றை விரல் நுனியில் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அந்தக் காலுறை வெறும் துணியாக இருந்தது. நாக்கும் பாதி மந்தம். உப்பைத் தொட்டு வைத்தால், எங்கோ தொலைவில் யாரோ கூப்பிடுவது போலத்தான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மெக்கானிக்குக் கை நடுங்கினால் வெளியே சொல்வாரா? அது போலத்தான்.

ஐந்து நாள் கையே காப்பாற்றியது. எத்தனை பேருக்கு எத்தனை சிட்டிகை என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் நாள், பருப்பு கொதிக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் அழைப்புமணி அடித்துவிட்டார். போய்ப் பேசிவிட்டு வந்தால், உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பயத்தில் இன்னொரு கை போட்டாள். மீனுக்கும் அதே சந்தேகம், அதே கை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் யாரும் குறை சொல்லவில்லை. கணவர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். மகள் சோற்றை மலை மாதிரி போட்டுப் பருப்பைத் துளி மாதிரி ஊற்றிக்கொண்டாள். கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மாமனார் மட்டும், "இன்னிக்குப் பருப்பு நல்லா வெந்திருக்கும்மா" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார்.

மறுநாளும் இதே கதை. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கியவள், படித் திருப்பத்தில் குசுகுசுவென்று பேச்சு கேட்டு நின்றாள். கீழே, கணவர், கொழுந்தன், மகள் மூவரும் மாநாடு போட்டிருந்தார்கள்.

"அப்பாவுக்கு மட்டும் நல்லா இருக்காம். நம்ம மூணு பேருக்கும்தான் உப்பு. அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றார் கணவர்.

"கோபம்" என்றான் கொழுந்தன். "அண்ணி வாயால சொல்ல மாட்டாங்க. சட்டியால சொல்றாங்க."

"யார் மேல?"

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "மூணு எவர்சில்வர் டப்பாவ பள்ளியிலயே விட்டுட்டேன். அதுல ஒண்ணுல மாணவர்கள் பேனா போட்டு வச்சிருக்காங்க."

"அவ தங்கச்சி ஃபோன் பண்ணுச்சு. கண்டிப்பா சொல்லுங்கன்னு சொல்லிச்சு. எட்டு நாளாச்சு" என்றார் கணவர்.

மகள் மெதுவாக, "அந்தப் பூப்போட்ட பீங்கான் கிண்ணம்... பூனை உடைக்கல. நான்தான் உடைச்சு, குப்பையில போட்டு, மேல பேப்பர் வச்சு மூடினேன்" என்றாள்.

மேலே நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதமாக அந்தப் பூனையை அவள் பேசாத பேச்சில்லை.

மூக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். ஆனால் அவள் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம், கணவர் கேட்காமலே மேசையைத் துடைத்தார். கொழுந்தன் தட்டுக் கழுவினான். மகள் வெங்காயம் உரித்தாள். அழுதுகொண்டே உரித்தாள், வெங்காயத்துக்கா கிண்ணத்துக்கா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட வரவேற்பை யார் வேண்டாம் என்பார்கள்? மூக்கக்கா இரண்டு நாள் அதை மௌனமாக அனுபவித்தாள்.

மூன்றாம் நாள் கொழுந்தன், கண்ணில் நீர் முட்ட ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, "அண்ணி, இன்னிக்குச் சாப்பாடு அருமை" என்றான். அவளுக்கு அடக்க முடியவில்லை. சிரித்தாள், புரையேறிச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு."

நாலு பேரும் அவள் மூக்கைப் பார்த்தார்கள்.

"இருக்கேம்மா" என்றார் மாமனார்.

"வாசனை போயிடுச்சு மாமா. ருசியும் சரியாத் தெரியல. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்லுவாங்க இல்ல? இப்ப அந்தக் கழுதை நான்தான்."

"அப்ப கோபம் இல்லையா?" என்று மகள் கேட்டாள்.

"அப்ப இல்ல. கிண்ணத்தப் பத்திக் கேட்டதுக்கு அப்புறம்தான் வந்துச்சு."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நரம்பு சோர்ந்திருக்கிறது, தானாக வரும், எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்றார். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், சோப்பு என்று நாலு சின்னப் புட்டிகளில் போட்டு, காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். 'அதுவரைக்கும் சமையல்?' என்று அவள் கேட்டதற்கு, "அதுக்கு மருந்தில்லம்மா" என்று சிரித்தார்.

மருந்தை மாமனார் கண்டுபிடித்தார். முப்பது வருஷம் பையன்களை வரிசையில் நிறுத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு தாளில் கோடு போட்டு, அட்டவணை எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். 'காலை நாக்கு: பெரியவன். மதிய நாக்கு: நான். மாலை நாக்கு: பேத்தி. அவசர நாக்கு: சின்னவன்.' சமையல் முடியும் நேரம் பார்த்து உரியவர் கரண்டியோடு ஆஜராக வேண்டும்.

காலையில் கணவர் வந்து ருசி பார்த்து, "புளிப்பு பத்தல" என்பார். எலுமிச்சை பிழிவாள். மதியம் மாமனார் அதே பருப்பைத் தொட்டு முகத்தைச் சுளித்து, "உப்பு தூக்கல், புளிப்பு தூக்கல், எல்லாம் தூக்கல்" என்பார். தண்ணீர் ஊற்றுவாள். மாலையில் மகள், "என்னம்மா, குளம் மாதிரி இருக்கு?" என்பாள். ஒரு வாரம் அந்த வீட்டுச் சட்டி படாத பாடு பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வீட்டில் இருந்தார்கள். பருப்புச் சட்டியைச் சுற்றி நாலு கரண்டிகள் ஒரே நேரத்தில் இறங்கின.

"உப்பு கூட" என்றார் மாமனார்.

"உப்பே இல்லையேப்பா" என்றான் கொழுந்தன். "காரமும் இல்ல. நம்ம வீட்டுப் பருப்புன்னா எப்பவும் உச்சி மண்டை வேர்க்கும்."

"நம்ம வீட்டுலயா? நம்ம வீட்டுல என்னைக்குடா காரம் போட்டிருக்கு? பத்தியச் சாப்பாடு மாதிரி இதமாத்தான இருக்கும்!" என்றார் மாமனார்.

"வெங்காயம் வேற கிடக்கு" என்று முணுமுணுத்தாள் மகள். "அம்மா பருப்புல வெங்காயமே போட மாட்டாங்களே."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். எதற்கும் ஒயரைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு யோசிக்கிற ஆள் அவர்.

"இருங்க. நாம எல்லாரும் இத்தனை வருஷமா ஒரே பருப்பத்தான சாப்பிட்டோம்?"

எல்லாரும் மூக்கக்காவைப் பார்த்தார்கள். அவள் பிடிதுணியை மடித்துக்கொண்டே, ஏதோ ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"இல்லையே."

அட்டவணை வரும்வரை, பருப்பு வெந்ததும் உப்புப் போடும் முன்னால் ஒரு கிண்ணம் மாமனாருக்கு எடுத்து மூடிவிடுவாள். பிறகு உப்பு. வெங்காயம் விழுவதற்குள் மகளுக்கு ஒரு கிண்ணம். பிறகு வதக்கிய வெங்காயம். அதில் கணவருக்கு எடுத்து, எலுமிச்சை பிழிந்து, விதை பொறுக்கிவிடுவாள். கடைசியில் சட்டியில் நிற்பதில் மிளகாயை வறுத்துக் கொட்டினால் அது கொழுந்தனுக்கு. மீனுக்கு வேறு வரிசை, கீரைக்கு வேறு வரிசை. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. அன்றைக்கு ஒருநாள் உப்பு இரண்டு கை விழுந்தபோது மாமனார் தப்பித்ததும் இதனால்தான்.

"ஒரே லிஃப்டுல எல்லாரையும் ஏத்தி, அவங்கவங்க மாடியில இறக்கி விட்டிருக்கா" என்றார் கணவர் தம்பியிடம். வியப்பு அதிகமானால் அவருக்குத் தொழில் பேச்சுத்தான் வரும்.

"அப்ப நீ எந்த மாடிம்மா?" என்று மகள் கேட்டாள்.

மூக்கக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குக் காந்தல்தான் பிடிக்கும்" என்றாள்.

"காந்தலா?"

"சட்டி அடியில பிடிச்சிருக்கும் இல்ல, லேசாக் கருகி. அத சுரண்டி, நின்னுக்கிட்டே தின்னுருவேன். நீங்க வர்றதுக்குள்ள."

கட்டடத்தில் எங்கே எது கருகினாலும் முதலில் கத்துகிறவளுக்குக் கருகினதுதான் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் பெரிய தொல்லை. எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. கரண்டியை வாயில் வைத்ததுமே, "நல்லா இருக்கு அண்ணி", "எனக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உப்பில்லாத கீரையை மாமனார் பாராட்டினால் சரி, கொழுந்தனும் பாராட்டினான். அவள் கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

"நான் நாக்கத்தான் கேட்டேன். நல்ல மனச யாரு கேட்டா? உப்பு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க!"

ஆறு வாரம் ஓடியது. ஒரு மத்தியானம், மாமனார் தூங்கிக்கொண்டிருக்க, வழக்கமான கடமைக்கு எலுமிச்சைப் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்தாள். மூடினாள். ஏதோ ஒன்று உறுத்தியது. மறுபடி திறந்தாள். மெல்லிய நூலிழை மாதிரி, இருந்தது. கிராம்பு இருந்தது. சோப்பு இருந்தது. அவள் வீடு முழுக்க முகர்ந்துகொண்டு போனாள்: அரிசி டப்பா, ஈரத் துண்டு, மகளின் தலையணை, மாமனாரின் தைலம். வாசல் மூலையில் கணவரின் பழைய காலணிக்குள் தலையை விட்டபோது கண்ணில் நீரே வந்துவிட்டது. சந்தோஷத்தாலா, காலணியாலா என்று சொல்ல முடியாது.

அன்று மாலையே எல்லாருக்கும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். மகள் கரண்டியோடு வந்தாள். மீனைத் தொட்டு, "அரை சிட்டிகை உப்பு" என்றாள். பிறகு போகாமல், அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கடைக்கு வந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே கண்ணாடி தொலைந்துபோய்விட்டது என்று புதிது வாங்க வந்த கதையைச் சொன்னாள். அவர் மாதிரியே நடித்தும் காட்டினாள். முன்பெல்லாம் இந்தப் பெண் வாசலிலிருந்து, "அம்மா, சாப்பாடு ரெடியா?" என்று கேட்பதோடு சரி. மூக்கக்கா மீனைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். மூக்கை மறைப்பது அதைவிடக் கஷ்டம். மேல்மாடித் தையல்காரப் பெண்ணின் இஸ்திரிப் பெட்டி துணியைக் கருக்கியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஏதோ சும்மா வந்தவள் போல மேலே போய், "என்னமோ புகை தெரியுதே" என்றாள். இப்படியே மூன்று வாரம் தள்ளினாள்.

தவளை தன் வாயால்தானே கெடும்? ஒருநாள் மாலை மகளுக்குக் கடையில் வேலை அதிகம். அவசர நாக்காகக் கொழுந்தன் வந்தான். கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடி, பெரிய நிபுணன் போலத் தலையை ஆட்டினான்.

"கொஞ்சம் காரம் போடலாம் அண்ணி."

"வெளிய வறுத்த மீனத் தின்னுட்டு வந்து, என் சட்டியில குத்தம் கண்டுபிடிக்கிறியா தம்பி?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொழுந்தன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றையும் திறந்தான்.

"அண்ணி. நான் மீன் தின்னத யாரு சொன்னா?"

அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"அண்ணே!" என்று அவன் கத்திய சத்தத்தில் கணவர் ஓடிவந்தார், பின்னாலேயே மாமனாரும் வந்தார். "அண்ணிக்கு மூக்கு வந்துடுச்சு! எப்பவோ வந்துடுச்சு போல! நம்மள ஏமாத்திட்டாங்க!"

கணவர் பதறவில்லை. காதைச் சொறிந்தார்.

"எனக்குப் பத்து நாளாத் தெரியும்" என்றார்.

"எப்படி?" என்றாள் அவள்.

"ஷூவ வெளிய கழட்டிட்டு வாங்கன்னு சொன்னே. ரெண்டு மாசமா உள்ளதான் கழட்டினேன். நீ மூச்சு விடல."

"தெரிஞ்சுமா தினம் காலையில கரண்டியத் தூக்கிட்டு வந்தீங்க?"

அவர் தம்பியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் சட்டியைப் பார்த்துப் பேசினார். "அந்த அஞ்சு நிமிஷம் நல்லாருக்கு. இல்லன்னா நாம எப்பப் பேசுறோம்?"

மாமனார் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் அட்டவணைய எடுத்துறவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

அட்டவணை இருந்தது. ஆனால் நாலு கிண்ணம் திரும்பி வரவில்லை. அதில் மூக்கக்கா உறுதியாக நின்றாள். இனி ஒரு சட்டி, ஒரு ருசி, அதுவும் மாமனாருக்கு ஏற்றபடி உப்புக் குறைவாக. மேசை நடுவில் உப்பு, நறுக்கிய எலுமிச்சை, வறுத்த மிளகாய்ப் பொடி. அவரவர் கை, அவரவர் வாய். கொழுந்தன் முதல் நாள் மிளகாயை அள்ளிக் கொட்டிக்கொண்டு, குளியலறைக் குழாயடியில் வாயை வைத்துக் கால் மணி நேரம் நின்றான். இரண்டாம் நாள் அரைக் கரண்டியில் நிறுத்திக்கொண்டான். மகள் மட்டும் வெங்காயத்தைத் தட்டோரம் ஒதுக்கினாள். ஒதுக்கினதை அவளே கழுவட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மிச்சமான நேரத்தில் அவள் மேல்மாடிக்குப் போய்த் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல் ஊர்க்கதை கேட்டுவிட்டு வந்தாள். முதல் சில நாள் கை சும்மா இருக்க முடியாமல் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதையும் விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேலேயிருந்து இறங்கி வரும்போது வீட்டில் ஒரே களேபரம். மகளும் கொழுந்தனும் சமையலில் இறங்கியிருந்தார்கள். கணவர் சட்டி மூடியைத் திறக்க முடியாமல் திருப்புளி தேடிக்கொண்டிருந்தார். மாமனார் வாசற்படியில் நின்று, "தீயக் குறை! குறைன்னா குறை!" என்று கட்டளை போட்டார். அவளை உள்ளே விடாமல் மேசையில் உட்கார வைத்து, முதல் தட்டை அவள் முன்னால் வைத்தார்கள். சோறு ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் விதை விதையாகவும் இருந்தது. கோழிக்கறியில் என்ன போட்டார்கள் என்று அந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு முகங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"உப்பு பத்தல. கறி வேகல. பூண்டு பச்சையா இருக்கு" என்றாள் அவள், ஒவ்வொன்றாக.

நாலு முகமும் தொங்கிப்போயின. ஆனால் அவள் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினாள். கொழுந்தனுக்குப் புரியவில்லை. "பாவம் பாத்துச் சாப்பிடாதீங்க அண்ணி" என்றான்.

"அட, போடு தம்பி" என்றாள். "சூடா இருக்கு."